வளர்ந்த எடைக்கல்

எனக்கு இருப்புக் கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். கோயிலில் கும்பிட்டு நின்றால் கை தானாகப் போய்த் தூணைச் சுரண்டும். "எறும்புப் புத்து மேல உக்காந்த மாதிரி ஏன் நெளியிறீங்க?" என்று என் மனைவி கேட்காத நாள் கிடையாது. இப்படிப்பட்ட ஒருவனைப் பிடித்துத் தராசுக்கு முன்னால் உட்கார வைத்தார்களே, அந்தப் புண்ணியவான்களைச் சொல்ல வேண்டும்.

முதல் உலகச் சண்டை முடிந்த சில வருஷங்களில், பினாங்கில் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊரில் அதை எடைக்கல் ஆபீஸ் என்பார்கள். கடைக்காரர்கள் தங்கள் கற்களைக் கொண்டுவருவார்கள். 'பொன் நிறுக்கும் ஒரு தோலா என்றால் இதுதான்' என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட பித்தளைத் தரக்கற்கள் எங்களிடம் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அடியில் முத்திரை குத்திக் கொடுப்பேன். தப்பாக இருந்தால் கல்லைப் பிடித்து வைத்துக்கொள்வோம், கோர்ட்டுக்குப் போகும். தரக்கற்களில் இரண்டு செட் உண்டு. தாய் செட் சீமையிலிருந்து வந்த வெல்வெட் கலையாமல் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் சாவி என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் கடிகாரச் சங்கிலியில் தொங்கும். இன்னொரு செட் அன்றாடம் நான் புழங்குவது.

அந்தக் கற்களை வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் வியர்வை பட்டாலே எடை மாறிவிடும் என்பார் துரை. மான்தோல் சுற்றிய இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தட்டில் வைக்க வேண்டும். வருஷம் முழுக்க அதை ஒரு விரதம் மாதிரி கடைப்பிடித்தேன். ஆயுத பூஜை அன்று மட்டும் துரை இருக்கமாட்டார், மலை பங்களாவுக்குப் போய்விடுவார். நான் அரம், சுத்தியல், இடுக்கி, எடைக்கல் எல்லாவற்றையும் சுத்தம் செய்து மேசையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவேன். அன்றைக்கு அந்த அறையே கல்யாண வீடு மாதிரி பளபளவென்று இருக்கும்.

என்னைப் படுத்தியெடுத்தது அங்கிருந்த பழைய தராசு. கோல் ஒரு முழத்துக்கு மேல் நீளம். கல்லை வைத்துவிட்டால் முள் இந்தப் பக்கம் போய், யோசித்து, அந்தப் பக்கம் போய், ஒரு வழியாக நிற்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நின்றது என்று குனிந்தால், தெருவில் டிராம் போகும். மறுபடி ஆட ஆரம்பித்துவிடும். அடச்சே! எத்தனை நாள் அந்தத் தராசைத் தூக்கிக் கடலில் போடலாமா என்று நினைத்திருக்கிறேன்.

பொறுக்க முடியாமல்தான் புதுத் தராசு செய்யக் கிளம்பினேன். இதில் அறிவாளித்தனம் எதுவும் இல்லை, அவசரம்தான். கோல் நீளமாக இருந்தால்தான் நுட்பம் என்று எல்லோரும் நம்பினார்கள், துரை உட்பட. எனக்கு நுட்பமும் வேண்டும், காத்திருக்கவும் முடியாது. மூங்கில் சிம்பில் சின்னச் சின்னக் கோல்களாகச் செய்து ஆட்டிப் பார்த்தேன். குட்டைக் கோல் சுறுசுறுப்பாக ஆடியது. அதன் கனத்தையும் குறைத்துவிட்டால் நுட்பம் கெடாது என்பது பிடிபட்டது. நொறுங்கிய மோட்டார் காரிலிருந்து ஒரு அலுமினியத் துண்டு வாங்கி, ஊருக்குத் தெற்கே ஜெலுத்தோங்கில் ஒரு சீனர் பட்டறையில் உட்கார்ந்து நானே அராவினேன். கோல் உட்காரும் கத்திமுனைக்கு இரும்பு ஆகாது, நம்மூர் ஈரத்துக்கு ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும். மோதிரக்கல் அறுப்பவரிடம் கொடுத்து அகேட் என்ற கெட்டிக் கல்லில் முனை தீட்டி வாங்கினேன்.

முள் சீக்கிரம் நிற்க ஒரு வழி வேண்டியிருந்தது. பால் டின் ஒன்றைச் சற்றே பெரிய இன்னொரு டின்னுக்குள் தொங்கவிட்டேன், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல். இடையில் மாட்டிக்கொண்ட காற்று ஆட்டத்தைப் பிடித்து அடக்கிவிட்டது. டிராம் அதிர்வுக்கு மணல் நிரப்பிய மண்ணெண்ணெய் டின்கள், அதன் மேல் ஒரு கருங்கல் பலகை. கடைசியாக, ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்புச் சூட்டில் கோலின் அந்தப் பக்கம் நீண்டுவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். அதனால் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து, நீளக் கம்பியால் கல்லை வைத்து எடுத்து, பழைய சர்வே தூரநோக்கி வழியாக முள்ளைப் பார்க்கும்படி அமைத்தேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று. பழைய தராசு கடுகளவு பேதத்தைத்தான் காட்டும். என்னுடையது கடுகைப் பல கூறாக்கினாலும் காட்டியது, அதுவும் ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்குள். துரை தூரநோக்கியில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் பொற்கொல்லர்கள் எல்லோரும் மறுமுத்திரைக்கு வர வேண்டும் என்று அறிவித்தோம். முதல் ஆளாக வந்தவர் கடைத்தெருவில் சின்னக் கடை வைத்திருந்த ஒரு பத்தர். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். நகை செய்வார், பழைய நகையை எடை போட்டு வாங்கவும் செய்வார்.

"அண்ணே, கையோட குத்திக் குடுத்துடுங்க லா. கடையில ஆளு இல்ல," என்று தன் மரப்பெட்டியை நீட்டினார். பெட்டியில் ஏழு குழி, ஏழு கல்.

முதல் கல்லை வைத்தேன். முள் அவர் பக்கம் இறங்கியது. இன்னொன்று, அதுவும் இறங்கியது. ஏழும் கூடுதல். மயிரிழை கூடுதல்தான். ஆனால் பொன் வாங்குகிறவனின் கல் கூடுதலாக இருந்தால், விற்க வருகிறவனின் பொன் அந்த மயிரிழை அளவு ஒவ்வொரு தடவையும் கொள்ளை போகிறது என்றுதானே அர்த்தம்? பொன்னுக்கென்று சட்டம் வைத்திருந்த வரம்பை அது தாண்டியிருந்தது.

"தம்பி, கல்லெல்லாம் கூடுதலா இருக்கு."

"கூடுதலா? எப்படிண்ணே? ரெண்டு வருஷத்துக்கு முன்ன நீங்கதானே முத்திரை குத்துனீங்க?"

"அது பழைய தராசு. அதுக்குப் படாததெல்லாம் இதுக்குப் படும்."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தேயுற கல்லைப் பாத்திருக்கேன். வளர்ற கல்லை இப்பத்தான் பாக்குறேன்," என்றார்.

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒன்றரை வருஷ உழைப்பு, முதல் நாளே ஒருவன் கிண்டல் செய்கிறான். "அடியில ஈயத்தை ஊத்தினா எந்தக் கல்லும் வளரும்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். சிரித்தவர்களின் முகம் அவர் பக்கம் திரும்பியது.  நான் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை கோர்ட்.

கடைத்தெருவில் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே பத்தர் கடையில் ஆள் நடமாட்டம் இல்லை. கொடுத்த வேலையைக்கூடத் திரும்பி வாங்கிக்கொண்டு போனார்களாம். அவர் மனைவி ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "பாவங்க அந்தப் பொண்ணு," என்றாள் என் மனைவி. "பசார்ல ஒருத்தியும் முகம் குடுத்துப் பேசல. 'உன் வளையல் யாரு வீட்டுப் பொன்னு'ன்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா கேக்குறா."

"திருடினா கேக்கத்தான் செய்வாங்க," என்றேன். அப்படித்தான் சொன்னேன். எழுதக் கூசுகிறது.

ஆனால் அந்த 'வளர்கிற கல்' எனக்குள் புகுந்து குடைய ஆரம்பித்துவிட்டது. ஈயம் ஊற்றியிருந்தால் முத்திரை சிதைந்திருக்க வேண்டும். கல்லைக் கவிழ்த்துப் பார்த்தேன், நான் குத்திய முத்திரை குத்தியபடியே இருந்தது. அந்த வாரம் வந்த மற்றப் பத்தர்களில் இரண்டு பேருடைய கற்கள் கச்சிதமாகப் பொருந்தின. அவை வருஷக்கணக்கில் உருண்டு தேய்ந்து மொழுக்கையான கற்கள். தேய்ந்த கல்லுக்கு 'சரி' என்கிறது, தேயாத கல்லுக்கு 'தப்பு' என்கிறது. இது என்ன தராசு?

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் விறுவிறுவென்று நடந்து, ஒரு சீன மருந்துக் கடையில் ஜின்செங் வேர் நிறுக்க மட்டும் வைத்திருந்த தோலாக் கல்லைக் கடன் கேட்டேன். வருஷத்துக்குப் பத்துத் தடவைகூட வெளியே வராத கல் அது. அதுவும் நான் குத்திய முத்திரைதான். தட்டில் வைத்தேன். அதுவும் வளர்ந்திருந்தது, பத்தருடைய தோலாக் கல் வளர்ந்த அதே அளவு.

ஒரே ஊரில் இரண்டு கற்கள் ஒன்றுபோல வளருமா? வளர்ந்தது அவையா, இல்லை அன்றாடம் நான் புழங்கும் தரக்கல் தேய்ந்துவிட்டதா?

வியாழக்கிழமை காலை தரக்கல்லை இடுக்கியால் எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தேன். கல்லின் தலையில் ஒரு குமிழ், குமிழுக்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. குங்குமம். அதன் பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு நார், முடிகூட அவ்வளவு மெல்லிசாக இருக்காது. புளி நார்.

 ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டிலிருந்து ஒரு உருண்டைப் புளியும் சாம்பலும் கொண்டுவந்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போல இந்தக் கற்களை நான்தான் தேய்த்தேன். ஒரு தடவை அல்ல. வேலைக்கு வந்து இரண்டு ஆயுத பூஜை, இரண்டு தடவை. கறுத்த தண்ணீர் ஓடும், பித்தளை பொன்னாக மின்னும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வருஷத்தில் முன்னூற்றுச் சொச்சம் நாள் விரல் படாமல் காப்பாற்றிய கல்லை, ஒரு நாள் புளி போட்டு அரைத்திருக்கிறேன். அது தப்பு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. சாமிக்கு வைக்கிற பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காமல் வேறு எப்படி வைப்பது? அந்தக் கறுத்த தண்ணீரில் தோலா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

உடனே துரையிடம் போயிருக்க வேண்டும். அறைக் கதவு பதினைந்து அடி தூரம். போகவில்லை. தரக்கல்லைக் கெடுத்தவனுக்கு அந்த அலுவலகத்தில் என்ன வேலை? தராசையும் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கதவு வரை போய், கையைத் தூக்கி, தட்டாமல் திரும்பினேன். சனிக்கிழமை அரை நாள் வேலை. மணி அடித்ததும் கடற்கரையோரம் நடந்தேன், ஜெலுத்தோங் வரை போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் அதே வழியில் திரும்பி வந்தேன். சட்டையெல்லாம் வியர்வை. "கால்ல சக்கரம் கட்டியிருக்கா?" என்றாள் மனைவி. நான் அவளிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "நாளைக்குக் கோர்ட்டுல நானே குத்தத்தை ஒத்துக்கிட்டா லேசா விட்டுடுவாங்கன்னு சொல்றாங்க. ஒத்துக்கட்டுமா?"

"நீங்க செஞ்சீங்களா?"

"செய்யலண்ணே. என் கண்ணு சத்தியமா செய்யல," என்றார். "ஆனா உங்க தராசு பொய் சொல்லாதுங்கிறாங்க. நானும் அதைப் பாத்தேனே. அப்ப என் கல்லுதான் தப்பு போல. எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் ஊர்ப் பொன்னைத் தின்னிருக்கேன் போலன்னு தோணுது. சோறு இறங்க மாட்டேங்குது."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. செய்யாத திருட்டைச் செய்துவிட்டோமோ என்று ஒரு மனுஷன் தன்னையே சந்தேகப்படுகிறான், நான் செய்த தராசை நம்பி.

"உங்க கல்லு சரி தம்பி," என்றேன்.  "தராசும் சரி. என் கல்லுதான் தேஞ்சு போச்சு. நான்தான் தேச்சேன், புளி போட்டு."

அவருக்குப் புரிந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா பிடித்து நேரே துரை வீட்டுக்குப் போனேன். நாற்காலி கொடுத்தார், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். இரும்புப் பெட்டியைத் திறந்து தாய் செட்டை எடுத்து, ஒரு தட்டில் தாய்க் கல், மறு தட்டில் என் கல் என்று அவரே வைத்தார். வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. முள் தாய்க் கல்லின் பக்கம் இறங்கி, அசையாமல் நின்றது. என்ன அழகான தராசு! அந்த நேரத்திலும் அப்படி ஒரு பெருமை வந்தது, என்ன சொல்வது. அடுத்து அதே தாய்க் கல்லோடு பத்தர் கற்களைப் போட்டார். ஏழும் சரி.

ஏன் தேய்த்தாய் என்று கேட்டார். சாமிக்கு என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திங்கட்கிழமை வழக்கைத் திரும்பப் பெற்றார். அன்றைக்கே என்னிடமிருந்து முத்திரை உளியையும் அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். முன் அறையில் பேரேடு எழுதும் வேலைக்கு மாற்றினார். வேலையை விட்டு அனுப்பவில்லை, அது அவர் பெரிய மனசு. தராசு மிக நன்றாக இருக்கிறது, ஆனால் நீ இனி அதன் பக்கம் போகாதே என்றார்.

பத்தரின் பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கடைத்தெருவில் சந்தடி மிகுந்த நேரமாகப் பார்த்துப் போனேன். "பத்தர் கல்லு சரியான கல்லு! தப்பு ஆபீஸ் கல்லுல!" என்று நாலு கடைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். ஈயம் என்று சொன்ன அதே வாயால் சொன்னேன். எதிர்க் கடை ஜவுளிக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

பத்தர் பெட்டியைத் திறந்து கற்களைப் பார்த்தார். "உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்," என்றார். அப்புறம், "நான் வந்து கேட்டதும் பட்டுனு சொன்னீங்களே. அப்போ முன்னயே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமை."

அவர் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கிழமைதான் என் வீட்டுக்காரி கப்பல் ஏறினா," என்றார். "நீங்க தப்பு பண்ணலன்னு ஒரு வாட்டி சொல்லுங்க, நான் இருக்கேன்னு சொன்னா. எனக்கே தெரியலையே, என்னத்தைச் சொல்லுவேன்? நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்திவிட்டுட்டு வந்தேன்."

 டீ வந்தது, குடிக்க முடியவில்லை. சுரண்ட, தட்ட, தேய்க்க எதையாவது தேடும் என் கை அன்றைக்கு மடியில் செத்துக் கிடந்தது.

"ஒரு உதவி பண்ணுங்க," என்றார் அவர். "கல்லு சரின்னு ஒரு கடுதாசி, ஆபீஸ் முத்திரை போட்டு. நான் எழுதுனா நம்ப மாட்டா. நீங்க எழுதுனா நம்புவா."

"எழுதுறேன் தம்பி. ஆனா முத்திரை இப்ப என்கிட்ட இல்ல. எடுத்துக்கிட்டாங்க."

 அவர் பெட்டியிலிருந்து கால் தோலாக் கல்லை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். "இதுல இருக்கே, நீங்க குத்துனது." அதைத் துணியில் சுற்றி, நான் எழுதிய கடுதாசியோடு வைத்துக் கட்டினார். "நாகப்பட்டினத்துல எந்தக் கடையில வேணும்னாலும் போட்டுப் பாக்கட்டும்."

அப்புறம் அந்தப் பக்கம் போக எனக்கு முகம் இல்லை. சுற்று வழியாக நடந்தேன். எங்களுக்கு மகன் பிறந்தான், மழை வந்து போயிற்று. அடுத்த வருஷம் ஆயுத பூஜை அன்று மனசு கேட்கவில்லை, போனேன். கடை முன்னால் உலையும் சம்மட்டியும் இடுக்கிகளும் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. எடைக்கற்களை மட்டும் அவர் தேய்க்கவில்லை, கறுத்துப் போய் இருந்தன. குங்குமத்தைப் பெட்டியின் மூடியில் வைத்திருந்தார். மூடி திறந்திருந்தது. நான் எண்ணினேன். ஏழு குழி. ஏழிலும் கல் இருந்தது, நாகப்பட்டினம் போன கால் தோலாவும் சேர்த்து.

பத்தர் என் கையில் பொரியும் கடலையும் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டது.

"எடைக்கல் ஆபீஸ் அண்ணன்," என்றார்.

அதற்கப்புறம் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. நான் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.